இடப்பக்கம் பாருங்க

பிப்ரவரி 11, செவ்வாய்

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் ஆக்சிலியா போனில் ஓர் உத்தரவு போட்டிருக்கிறாள். "கோவம் வந்தா கத்தாதிய அப்பா. எழுதி வைங்க. பிரஷர் எறங்கும்." என் கோபத்தையெல்லாம் எழுதினால் ஊரில் பேப்பர் தட்டுப்பாடு வரும். ஆனாலும் பிள்ளை டைரியே வாங்கி அனுப்பிவிட்டாள். எழுதாவிட்டால் அதற்கும் ஒரு போன் வரும்.

இன்றைய கோபம் சங்கத்தின் மேல். சவேரியார்துறையிலிருந்து நாரைத்தீவுக்கு டூரிஸ்ட்டை ஏற்றி, அடியில் கண்ணாடி வைத்த படகு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மாதா கோயில் மண்டபத்தில் கூடினோம். எங்களுக்கு ஏற்கெனவே கட்டளைகள் உண்டு. பவளப் பாறை, எங்கள் வாயில் பார், கிடக்கிற இடத்தில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். பெரிய பாருக்கும் சின்னப் பாருக்கும் நடுவே இருக்கிற மணல் வழியை விட்டு விலகக் கூடாது. நங்கூரம் போடக் கூடாது, கட்டியிருக்கும் மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். பாரில் இடித்துவிட்டால் அன்றைக்கே சங்கத்தில் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் எல்லாப் படகுக்கும் அனுமதி போய்விடும். இதெல்லாம் சரி, நானே கை தூக்கி ஒத்துக்கொண்டதுதான். இப்போது புதிதாக ஒன்று. ஈஸ்டருக்குள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஓட்டுநர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

எழுந்தேன். சட்டைப் பையிலிருந்த பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பின்னாலுள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே கடகடவென்று படித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். சங்கத் தலைவர் லியோன் மட்டும், "செலஸ்டின் அண்ணே, கடல்ல மாத்திர அட்டையா மெதக்குது? ஈஸ்டருக்குள்ள சீட்டக் கொண்டாங்க" என்றான்.

படகை விட்டால் நான் என்ன ஆவேன்? கரையில் சேர்ந்தாற்போல் அரை மணி உட்கார்ந்தால் எனக்குக் கால் குடையும். இதை எழுதுவதற்குள்ளேயே இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினோம், நானும் என் மனைவியின் தம்பி கில்பர்ட்டும். அவனும் படகு ஓட்டுகிறவன்தான். கை வேலை செய்யும், வாய் அதைவிட அதிகம் வேலை செய்யும். பெயின்ட் வாளியை யாரோ நடுவழியில் வைத்துத் தொலைத்தார்கள். காலில் இடறிப் பாதி பெயின்ட் மணலில் போனது. "நடுவழியா? ஓரமால்லா வெச்சிருந்தேன் அத்தான்" என்றான். வாயை மூடுடா என்றேன். ஆக்சிலியா மன்னிக்க வேண்டும், எழுத நேரமில்லை, கத்தத்தான் நேரமிருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. மூன்று நடை ஓடினோம்.

என் மனைவி பெர்னதெத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எங்கள் படகில் அவள்தான் விளக்கம் சொல்கிறவள். படகின் நடுவில் கண்ணாடித் தளம், அதைச் சுற்றிப் பலகையில் ஆட்கள், முன்னால் பெர்னா, பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு நான். முன்பெல்லாம் அவள் அழகாகப் பேசுவாள். எது மூளைப் பவளம், எது மான்கொம்பு, எதைத் தொட்டால் செத்துப்போகும், எல்லாம் கதை மாதிரி வரும். இப்போது சில மாதங்களாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். "இடப்பக்கம் பாருங்க! பெரிய பார் நெருங்குது! இன்னும் கிட்ட! கிட்ட! ஆங், இப்ப தள்ளிப் போவுது!" ஏலச் சந்தையில்கூட இப்படிக் கத்த மாட்டார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. கண்ணாடி இருப்பது காலுக்குக் கீழே. எல்லாரும் குனிந்துதான் பார்க்க வேண்டும். இதில் இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன? சென்னையிலிருந்து வந்த ஒருவர் பாவம், நிமிர்ந்து இடப்பக்கம் தேடி, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

பிப்ரவரி 26, புதன்

மணல் வழிக்கு வெளியே, எப்போதும் மணலாக இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. கறுப்பாகத் தெரிந்தால் பார் என்று விலகிப் போகிறவன் நான், ஆகவே நன்றாகச் சுற்றிப் போனேன். பின்னால் வந்த கில்பர்ட் கரை வந்ததும் எல்லார் முன்னாலும் சிரிக்கிறான். "அத்தான், மேகத்தோட நெழலச் சுத்திக்கிட்டு வாறிய. நெழலு நகருமே, பாக்கலயா?"

ஜாக்கிரதையாகப் போனால் கேலி. வேகமாகப் போனால் அபராதம். நல்ல ஊர்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். தவக்காலத்துக்குப் பீடியை விட்டேன். ஆண்டவருக்கு இது போதும், பெர்னாவுக்குப் போதாது. கோபத்தையும் விடச் சொல்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து மதுமிதா என்று ஆராய்ச்சிப் பிள்ளை ஒருத்தி வந்திருக்கிறாள். பாரின் மேல் முகத்தைக் கவிழ்த்து மிதந்துகொண்டே எந்தப் பவளம் உயிரோடு இருக்கிறது, எது வெளுத்துவிட்டது என்று பார்த்துக் குறித்துக்கொள்வாள். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய மிதவைப் பந்து, தான் இருக்கும் இடம் படகுக்காரர்களுக்குத் தெரிவதற்காக.

நான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது காதுக்குப் பக்கத்தில் "வணக்கம் அங்கிள்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. "எவ்வளவு நேரமா நிக்கறேனுங்க, கோபமோன்னு நெனச்சேன்" என்றாள். இந்த ஊருக்கு வந்தவர்களும் பூனை மாதிரி நடக்கப் பழகிவிடுகிறார்கள். நல்ல பிள்ளைதான். எங்கள் படகுகள் மிதவையில் கட்டத் தொடங்கியபின் சின்னப் பாரில் புதுக் கொம்புகள் வந்திருக்கின்றன என்றாள். பெர்னாவுக்கு அன்றைக்கெல்லாம் சிரித்த முகம். அவள் சொந்தத் தோட்டம் துளிர்த்த மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சண்டை.

"ஏட்டி, படகுல வாறவனுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? மெல்லப் பேசு" என்றேன்.

"இன்ஜின் சத்தத்துக்குக் கேக்க வேண்டாமா?"

"எனக்குக் காது வலிக்கி."

"வலிக்கட்டும்" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அவள் இப்படிப் பதில் சொன்னதில்லை.

மதியம் நடையில் அவள் வீம்புக்கு வாயே திறக்கவில்லை. மணல் வழிக்குப் பக்கத்தில் போனதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. சரியான வெயில். மிதவைக்குப் பூசிய சாயமும் மங்கிவிட்டது, கண்ணுக்கே படவில்லை, சங்கத்தில் சொல்ல வேண்டும். இன்ஜினைக் குறைத்து நின்றுவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் பழையபடி தொடங்கிவிட்டாள். "இடப்பக்கம் பாருங்க!" நான் மறுபடி இன்ஜினைக் கூட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

சான்றிதழுக்காக பஸ் ஏறி டவுனில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டம். வாசலில் நின்றேன். எதிரே பரோட்டா கடை இருந்தது. சாப்பிட்டேன். மறுபடி வாசலுக்குப் போனேன். கூட்டம் குறையவில்லை, மதிய நடைக்கு நேரமாகிவிடும். பஸ் ஏறி வந்துவிட்டேன். டாக்டர் லீவு என்று பெர்னாவிடம் சொன்னேன். "திங்கக்கெழமையில லீவா?" என்றாள். டாக்டருக்கும் மனுஷ உடம்புதானே.

மார்ச் 28, வெள்ளி

பெர்னாவின் அக்காவுக்கு உடம்பு மோசம் என்று போன் வந்தது. கிளம்பினாள். அடுத்த படகில் விளக்கம் சொல்கிற நிரோஷா எங்கள் படகுக்கு வருவாள், சங்கத்தில் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நான் வாற வரைக்கும் படகு எடுக்காதிய" என்றாள்.

"ஏன், நீ இல்லாட்டா கடல் வத்திருமா?"

"சொன்னாக் கேளுங்க."

"நீ போட்டி. நான் ஒன்னய வெச்சா படகு ஓட்டுதேன்?"

பஸ் வந்துவிட்டது. ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே போனாள்.

மார்ச் 29, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனால் வீட்டில் கத்துவதற்கும் ஆள் இல்லை.

காற்றே இல்லாத காலை. கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம், டீச்சர்மார் சிலர். நிரோஷா பலகையில் உட்கார்ந்து, குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இனிமையாகப் பேசினாள். பெர்னா இல்லாத படகு எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன். மணல் வழிக்குள் நுழைந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. நடமாடிப் பழகிய வீட்டில் விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே! ஆளு! ஆளு!" என்று நிரோஷா அலறினாள்.

"எந்தப் பக்கம்?"

"இந்தா, பக்கத்துலதான்! அண்ணே!"

நான் ஒன்றையும் காணவில்லை. கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன். படகின் முன்மூக்குக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்தில் ஆரஞ்சுப் பந்து. அதற்குப் பக்கத்தில் மதுமிதாவின் தலையும், தூக்கிய கையும். இன்ஜின் கைப்பிடியை முறுக்கினேன். படகு வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. பின்னால், அடியில், கரக் என்று ஒரு சத்தம் கேட்டு இன்ஜின் நின்றது. சுண்ணாம்பு கரைத்த மாதிரி தண்ணீர் வெளுத்தது.

டீச்சர்மார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதுமிதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். "அங்கிள், எவ்வளவு நேரமா கைய ஆட்டிக் கூப்பிட்டுட்டே இருந்தேனுங்க" என்றாள். கில்பர்ட் வந்து அவளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனான். நான் இன்ஜினைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் சுழல்கிற விசிறி இலையின் நுனி வளைந்திருந்தது. அதில் ஒரு துண்டு மான்கொம்பு சிக்கியிருந்தது. எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

"என்னண்ணே சத்தம்?" என்றாள் நிரோஷா. அலை என்றேன். அலையே இல்லாத கடலில் அலை என்றேன்.

எங்கிருந்து முளைத்தாள் அந்தப் பிள்ளை? நான் திருப்பாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? காப்பாற்றினது நான்தானே. அதை ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்துக்கும் போகவில்லை. நாளைக்குப் போகலாம்.

மார்ச் 30, ஞாயிறு

பெர்னா காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கில்பர்ட் போன் பண்ணியிருக்கிறான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. திடீர்னு குறுக்க வந்துட்டா. நான்தான் சமாளிச்சேன்."

"ஆரஞ்சுக் கலரு. கரையில இருந்தே தெரியும். திடீர்னு எங்கன இருந்துங்க வந்துச்சு?"

"அந்த நிரோஷா ஒழுங்காச் சொல்லல. இடப்பக்கம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். பெர்னா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் யாருக்குக் கத்துனேன்னு நெனச்சிய?" என்றாள். "டூரிஸ்ட்டுக்கா? போன வருசம் மழைக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். கதவு நெலயில இடப்பக்கத் தோளு இடிக்காத நாளு உண்டா? அந்தப் பக்கம் நின்னு பேசினா தூக்கிவாரிப் போடுதிய. சொன்னா ஒடஞ்சி போவியன்னு சொல்லல. தொண்டையில ரத்தம் வார வரைக்கும் கத்தினேன்."

"எனக்குக் கண்ணுல ஒண்ணும் கெடையாது. பொடி எழுத்துப் படிக்கேன்."

அவள் எழுந்தாள். எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டி, அதையே பாருங்க, கண்ணைத் திருப்பாதிய என்றாள். பார்த்தேன். தேதியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"எத்தன வெரல் காட்டுதேன்?"

நான் காத்திருந்தேன். "மொதல்ல காட்டு" என்றேன்.

திரும்பினேன். என் இடது கண்ணுக்கு ஓரமாக, ஒரு முழம் தள்ளி ஐந்து விரலையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

நான் பயந்துவிட்டேன். கடலில் புயலைப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை.

மார்ச் 31, திங்கள்

இடித்ததைச் சங்கத்தில் சொல்லப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். பெர்னா வாசலை மறித்தாள்.

"சொல்ல வேண்டாங்க. நிரோஷாவுக்கு வெவரம் தெரியாது. அந்தப் பொண்ணும் பயத்துல கீழ பாத்திருக்க மாட்டா. பாத்தாலும் காத்துல ஒடஞ்சதுன்னு நெனச்சிக்கிடுவா."

"காத்து எங்க அடிச்சுது?"

"கரையில உக்காந்து நீங்க படப்போற பாட்ட என்னால பாக்க முடியாது."

ஒரு சின்னப் பிள்ளை பவளத்தைத் தொடக் கை நீட்டினால் கையிலேயே போடுகிறவள் இவள். பாரின் மேல் காலை வைத்தான் என்று ஒரு போலீஸ்காரரைப் படகிலிருந்து இறக்கிவிட்டவள். அவள் வாயால் இது வந்தது. எனக்காக வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அவளுக்கு வராது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போனேன்.

லியோன் வலை உலர்த்துகிற இடத்தில் இருந்தான். "சனிக்கெழம சின்னப் பார்ல இடிச்சிட்டேன். அன்னைக்கே சொல்லல" என்றேன். படகுச் சாவியையும் ஓட்டுநர் அட்டையையும் அவன் கையில் வைத்தேன். சாவி மட்டும் போதும், பாரைப் பார்த்துவிட்டுத்தானே முடிவு என்றான். அட்டையும் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டான். வயசாகிவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்தத் தடவை பெர்னா கையைப் பிடித்து உள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இருட்டறையில் ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடக்கண்ணைச் சோதித்தபோது சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேரா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறதாம். இடக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலக்கண்ணிலும் ஓரம் கரைந்திருக்கிறது. போன பார்வை வராது, சொட்டு மருந்து விட்டால் இருக்கிறது நிற்கும். நான் பொடி எழுத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நடுப் பார்வை கடைசி வரைக்கும் இருக்கும் ஐயா. அதனாலதான் இந்த நோய் வந்திருக்கிறதே பல பேருக்குத் தெரியாது" என்றார்.

வரும் வழியில் பெர்னா பஸ்ஸில் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். திரும்பி நடந்தேன். மறுபடியும் நடந்தேன்.

ஏப்ரல் 12, சனி

சங்கத் தீர்ப்பு. இடித்ததற்கும் தாமதமாகச் சொன்னதற்கும் என் படகு இரண்டு வாரம் கரையில் கிடக்க வேண்டும். நானே வந்து சொன்னதால் மற்றப் படகுகளுக்கு ஒன்றுமில்லை. அதன்பின் என் படகைக் கில்பர்ட் ஓட்டட்டும், அவன் படகை வேறு ஆளுக்கு விடலாம் என்று முடிவு. கூட்டத்தில் பெர்னா எழுந்து, "எனக்கும் தடை போடுங்க" என்றாள். எதற்கு என்று லியோன் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த டைரி போதாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில் நடந்தேன். இடப்பக்கம் பெர்னா. பீடி ஞாபகமே வரவில்லை. படகு ஞாபகம்தான்.

ஏப்ரல் 26, சனி

படகு இன்றைக்கு மறுபடி இறங்கியது. வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். கில்பர்ட், "அத்தான், சும்மா வந்து உக்காருங்க, பேலன்ஸுக்கு ஆளு வேணும்" என்று பொய் சொன்னான். மதுரையிலிருந்து வந்த குடும்பத்தோடு பலகையில் உட்கார்ந்தேன். இன்ஜின் பக்கம் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

இத்தனை வருஷம் இந்தப் படகை ஓட்டியிருக்கிறேன், இந்தக் கண்ணாடி வழியாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஓட்டுகிறவன் எப்படிக் குனிவான்? தண்ணீரின் மேல் நிறத்தை வைத்துத்தான் எனக்குப் பாரைத் தெரியும். கறுப்பாக இருந்தால் விலகு, அவ்வளவுதான். கீழே இவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? காலுக்கு நேர் கீழே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மஞ்சள் கொம்புகள், ஊதா நுனிகள், அவற்றுக்குள் நுழைந்து வெளியே வரும் பொடி மீன்கள். என் கால் குடையவில்லை. எழுந்து நடக்கத் தோன்றவில்லை.

பெர்னா சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னப் பாரின் ஓரம் வந்தோம். கொம்புகளுக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் வெள்ளை. நொறுங்கிய துண்டுகள் எலும்பு மாதிரி சிதறிக் கிடந்தன. அங்கே ஒரு மீன்கூட இல்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த மதுரை அம்மா கேட்டார், "இங்க மட்டும் ஏங்க இப்படிக் கெடக்கு?"

பெர்னா வாயைத் திறந்தாள். காற்றில் உடைந்தது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் இடிச்சது" என்றேன். "இன்ஜின் இலை பட்டு ஒடஞ்சிட்டு. இந்தப் படகு ஓட்டினவன் நான்தான்."

"திரும்ப வளந்துருமா?"

பெர்னாதான் மெல்லச் சொன்னாள். "வளரும்மா. நம்ம வெரல் நீளத்துக்கு வரவே வருசமாவும். பழையபடி ஆவுறத நாங்க பாக்க மாட்டோம்."

"அடப் பாவமே" என்றார் அந்த அம்மா. உண்மையாகவே அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "பாத்து ஓட்டக் கூடாதாய்யா?"

படகில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன். எனக்குத் தெரியல."

பின்னால் கில்பர்ட் இன்ஜினை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.